டாக்டரம்மா என்ன சொன்னாக?

போன வாரம் அருப்புக்கோட்டையில் உங்கள் மொழிபெயர்ப்பு அலுவலக மாடியில் நடந்த அறிமுகக் கூட்டத்திலிருந்து நான் பாதியில் எழுந்து போனதில் உங்களில் சிலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். படி இறங்கும்போது, "இவுகளுக்கு மூக்குக்கு மேல கோவம் வருது" என்று ஒரு பெண் சொன்னதும் காதில் விழுந்தது. உண்மைதான் தாயி. கோபம்தான். அதை மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னால் இன்னும் கூடிப்போகும் என்றுதான் இறங்கிவிட்டேன். இப்போது வீரசோழனில் என் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். நிதானமாக எழுதினாலும் கோபம் குறையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி திரையில் படம் காட்டினார். மொழிகளைப் பற்றிச் சுவையான தகவல்களாம். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒரு கூட்டத்தாருக்கு இடது வலது என்ற பேச்சே கிடையாதாம், எல்லாம் கிழக்கு மேற்குதானாம். நீங்கள் வாயைப் பிளந்து கை தட்டினீர்கள். அடப் பாவிகளா! பந்தல்குடியிலிருந்தும் பரளச்சியிலிருந்தும் பஸ் ஏறி வந்த பிள்ளைகள்தானே நீங்கள்? "செத்த வடக்க தள்ளி உக்காரு" என்று சொல்லாத வீடு உங்கள் ஊரில் எது? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

தகவல்தான் வேண்டுமென்றால் என்னிடமும் உண்டு. சின்ன வயதில் மதரசாவில் அரபியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஓதுவேன், பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாது. வளைகுடா போய் இறங்கிய முதல் நாள், நாக்கு வறண்டு கிடக்கிறது, குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. அத்தனை வருடம் அரபி ஓதிய வாயால் ஊமை மாதிரி கையைக் குவித்துக் காட்டித்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். இன்னொன்று. என் அம்மாவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் அரபி எழுத்தில் தமிழை எழுதுவார். எனக்கு வந்த கடிதத்தை அறையிலிருந்த எகிப்துக்காரர் சத்தமாக வாசித்தார், ஒன்றும் புரியவில்லை அவருக்கு. கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதுமா? இதற்கும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் நாளைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்காகப் பேசும்போது இது எதுவும் உங்களுக்கு உதவாது.

உதவக்கூடியது ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

அரபி பேசப் பழகிய பிறகு, வளைகுடாவில் கடலோர நகரம் ஒன்றில் பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. தமிழ் பேசும் நோயாளிகளுக்கும் அரபி பேசும் டாக்டர்களுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நாங்கள் இரண்டு பேர். இன்னொருவர் எனக்கு மூத்தவர், வேலை சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் பேரை எழுத மாட்டேன். தேன் ஒழுகப் பேசுவார். நர்சுகள் முதல் துப்புரவு செய்பவர்கள் வரை எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, கொஞ்ச காலம்.

அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது: "சொன்னத அப்படியே சொல்றதுக்கு நம்ம என்ன டேப்ரிக்கார்டரா தம்பி? மனுசனப் பாத்துப் பேசணும். கொஞ்சம் குறைச்சு, கொஞ்சம் கூட்டி, பக்குவமா."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கெட்டது எல்லாமே முதலில் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு வருடம் பரளச்சிக்காரர் ஒருவர் நோயாளியாக வந்து சேர்ந்தார். அங்கே நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பேரால்தான் கூப்பிடுவோம், அதனால் அவர் எனக்குப் பரளச்சிக்காரர், நான் அவருக்கு வீரசோழன் பாய். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். வானம் பார்த்த பூமியில் பிறந்துவிட்டு பாலைவனத்தில் ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறேன் என்று சொல்லிச் சிரிப்பார். சிறுநீரகம் கெட்டு வெகு நாளாகியிருந்தது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, இனி வண்டி ஏற முடியாது என்ற பிறகுதான் வந்திருந்தார். வீட்டுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். "நல்லாருக்கேன்னு சொல்லியிருக்கேன் பாய்" என்றார். நாம் எல்லோரும் சொல்வதுதான்.

முதல் நாளே, தன்னைப் பார்க்க வந்த அரபிக்கார டாக்டரம்மாவிடம் அவர் கேட்டது, மருந்து பாட்டில் தொங்கும் கம்பியைக் கொஞ்சம் மேற்கே தள்ளி வைக்கச் சொல்லுங்கள் என்று. மூத்தவர் பக்கத்தில் இருந்தார். சட்டென்று "இடது பக்கம்" என்று அரபியில் சொல்லப்போனார். நான் குறுக்கே புகுந்து, "மேற்கே தள்ளி வைக்கச் சொல்கிறார்" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "மேற்கு எது?" என்று கேட்டார். அதைப் பரளச்சிக்காரரிடம் சொன்னேன். அவருக்கும் முழிப்பு. சூரியன் தெரியாத அறை, ஏசி போட்டுச் சன்னலுக்குத் திரை வேறு.

"அட ஆமா பாய், இங்கன கெழக்கு எது?"

நான் அண்ணாந்து பார்த்தேன். அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் தொழுகைத் திசை காட்ட உத்திரத்தில் ஒரு அம்புக்குறி ஒட்டியிருப்பார்கள். எங்கள் நகரத்திலிருந்து அது மேற்கே காட்டும். அப்படியானால் கிழக்கு சன்னல் பக்கம் என்றேன்.

"அப்ப நம்ம ஊரு சன்னலுப் பக்கந்தேன்" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து அந்தப் பக்கமே ஒருக்களித்துப் படுத்தார். திரையையும் விலக்கி வைக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் மூத்தவருக்கு என் மேல் எரிச்சல். "எடதுன்னு சொன்னா சோலி முடிஞ்சது. எதுக்குய்யா இம்புட்டு வளவளப்பு?" என்றார். ஒருவர் மேற்கு என்றால் மேற்கு என்று சொல்வதுதான் என் வேலை என்று அன்றைக்கே எனக்குத் தெளிவாகிவிட்டது. அவருக்கு அது கடைசி வரை தெளிவாகவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

மதிய ஷிப்டுக்குப் பையோடு வந்து வராந்தாவில் நுழைகிறேன். மூத்தவர் காலை ஷிப்டை முடிக்கும் நேரம். கையில் ஆஸ்பத்திரி போன், வீடியோவில் பரளச்சி. திரை தெரியாதபடி எதிரில் டாக்டரம்மா. திரையில் தெரிந்தது பரளச்சிக்காரரின் தம்பி. டாக்டரம்மா சொன்னதை வாசல் வரை வந்த நான் முழுக்கக் கேட்டேன். சிறுநீரகத்தோடு இருதயமும் கைவிட்டுவிட்டது, நாளை விடிவதற்குள் போய்விடுவார் என்று நினைக்கிறேன், இப்போது நல்ல நினைவோடு இருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரத்தில் மூச்சுக்குழாய் வைக்க வேண்டும், வைத்தால் அப்புறம் பேச முடியாது, அவர் மனைவி பேசுவதற்கு இருப்பது இந்த நேரம்தான், கட்டில் அருகே நானே போனைக் கொண்டு போகிறேன். ஒரு டாக்டர் இவ்வளவு நின்று சொல்வதே அபூர்வம்.

மூத்தவர் அதைத் தம்பிக்காரனுக்கு மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். முதலில் ஆம்பளைக்குச் சொல்வதுதானே நம் பக்கத்து முறை. தம்பிக்காரன் முகம் வெளுத்துப்போனது. அவன் சொன்னதும் எனக்குக் கேட்டது.

"அண்ணே, மதினிட்ட அதச் சொல்லிராதீக. தாங்காது. நல்லாருக்காகன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க பெறகு பக்குவமாச் சொல்லிக்கிறோம்."

போன் கை மாறியது. ஆட்டுக்கம்போடு பரளச்சிக்காரரின் மனைவி நின்றிருந்தாள். மூத்தவர் குரலில் தேன் ஊறியது.

"தங்கச்சி, டாக்டரம்மா நல்லாருக்காருன்னு சொல்றாக. கொஞ்சம் அசதியாப் படுத்திருக்காரு. பேசணும்னா பேசலாம்ங்கிறாக."

"அசந்து கெடக்கவுகள எதுக்குண்ணே எழுப்பிக்கிட்டு? ஒறங்கட்டும். மழை வார மாதிரி இருக்கு, நான் போயி ஆட்டைப் பத்திட்டு வாரேன். ராத்திரி பேசிக்கிறேன்னு சொல்லுங்க."

அவ்வளவுதான். போன் அணைந்தது. டாக்டரம்மா திகைத்துப்போய், "அவர் பேச விரும்பவில்லையா?" என்று கேட்டார். மூத்தவர் கொஞ்சமும் தயங்காமல் அரபியில் சொன்னார்: "அந்த அம்மா அழுதுகொண்டே இருக்கிறார், பேசும் நிலையில் இல்லை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். அந்த மனிதர் ஒரே மூச்சில் இரண்டு இலையில் மறைத்தார். அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். பொய் சொன்னதுபோலவே அவருக்குத் தெரியவில்லை, புண்ணியம் தேடிக்கொண்ட முகத்தோடு நின்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

ஷிப்டு இன்னும் என் கைக்கு வரவில்லை. மூத்தவர் நடத்தும் பேச்சில் இன்னொருவர் தலையிடக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் நான் டாக்டரம்மாவிடம் நேரே போய், அங்கே என்ன பேசினார்கள் என்பதை ஒன்று விடாமல் அரபியில் சொன்னேன். தம்பி கெஞ்சியதையும், மூத்தவர் சொன்னதையும், ஆட்டையும் மழையையும் சேர்த்துத்தான். அவர் மூத்தவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், "திரும்பக் கூப்பிடு. என்னால் முடிந்தவரை குழாயைத் தள்ளிப்போடுகிறேன்" என்றார்.

கூப்பிட்டேன். தம்பிக்காரன்தான் எடுத்தான்.

"மதினி ஆட்டுக்குப் போயிட்டாக."

"ஓடிப்போய்க் கூட்டிட்டு வாங்க தம்பி. இப்ப விட்டா அவுகளால பேசவே முடியாது."

"நீங்க யாரு? அதான் ஏற்கனவே ஒருத்தரு நல்லபடியாப் பேசிட்டாருல்ல?"

"நான் வீரசோழன்காரன். அந்தம்மாவுக்கு விவரம் தெரியணும்."

"பொம்பளைகிட்ட எத எப்பச் சொல்லணும்னு எங்களுக்குத் தெரியும் பாய். நீங்க வைங்க."

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. பிறகு போனையே அணைத்துவிட்டான். அந்த வீட்டில் வேறு போன் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை.

டாக்டரம்மா காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். பரளச்சிக்காரருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபின் இனி முடியாது என்று தலையசைத்தார். நான் கட்டிலருகே போனேன். அவர் சன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"போன் வந்துச்சா பாய்?"

இளைய சகாக்களே, இந்த இடத்தில் உங்களுக்கும் வாயில் தேன் ஊறும். 'பேசினாங்க, அழுதாங்க, தைரியமா இருக்கச் சொன்னாங்க' என்று ஏதாவது வரும். என்னிடமும் வந்தது. விழுங்கினேன்.

"வரல. நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கிறாக" என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். "இந்நேரம் ஆட்டைப் பத்தப் போயிருப்பா. அவளுக்கு ஆடுதேன் மொத" என்றார். குழாய் வைத்தார்கள். விடியும் முன்னே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஊரில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் 'சீரியஸ்' என்று போன் போயிருக்கும். நம் பக்கத்தில் செத்துப்போனான் என்று யாரும் சொல்வதில்லை, சீரியஸ் என்றுதான் சொல்வோம். கேட்டவர்களும் எவ்வளவு சீரியஸ் என்று கேட்பதில்லை, மாலை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். உலகத்துக்கே தெரிந்த விஷயம் கட்டியவளுக்கு மட்டும் கடைசியில் தெரியும். வாசலில் உறவுக்காரர்கள் வந்து குவிவதைப் பார்த்துத்தான் அவள் புரிந்துகொள்ள வேண்டும். இதற்குப் பெயர் பக்குவமாம்! பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

எனக்கு மெமோ கொடுத்தார்கள், அடுத்தவர் வேலையில் தலையிட்டதற்காக. மூத்தவர் ஓய்வு பெற்றபோது மாலை போட்டு கேக் வெட்டி, ஈர நெஞ்சக்காரர் என்று பேசினார்கள். நான் கேக் சாப்பிடவில்லை. அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னுமா அத நினைச்சுக்கிட்டு இருக்க? நான் அந்தப் பொண்ணு மேல இரக்கப்பட்டுத்தான தம்பி சொன்னேன்?" என்று கேட்டார். "இரக்கப்பட நீங்கள் யார்? சாமியே வரம் கொடுத்தது, பூசாரி மறித்துவிட்டீர்கள்" என்றேன். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

அதிலிருந்து நான் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டேன். யாரிடம் பேசினாலும் தொடங்கும்போதே இரண்டு மொழியிலும் சொல்லிவிடுவேன்: இந்த அறையில் யார் என்ன சொன்னாலும் எல்லோருக்கும் சொல்லுவேன், என் காதில் ரகசியம் ஓதாதீர்கள். அதற்கப்புறமும் "அவுககிட்டச் சொல்லிராதீக" என்று யாராவது இழுத்தால், அந்த வார்த்தையையும் சேர்த்து மொழிபெயர்த்துவிடுவேன். எத்தனையோ பேர் என்னைக் கல்நெஞ்சன் என்று திட்டியிருக்கிறார்கள். திட்டியதையும் டாக்டருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன்.

அன்றைய கூட்டத்தில் உங்களில் ஒருவர் பயந்தார், போனே மொழிபெயர்க்கிறதே, நம் வேலை போய்விடுமா என்று. போகட்டுமே. அன்றைக்கு அந்த வராந்தாவில் மூத்தவருக்குப் பதில் ஒரு போன் இருந்திருந்தால், தப்பும் தவறுமாகவாவது அந்தப் பெண்ணுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். போனுக்கு இரக்கம் கிடையாது. உங்களுக்கு இரக்கம் வந்தால் பக்கத்தில் உட்காருங்கள், கூட அழுங்கள், செய்தியை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொள்ளாதீர்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நான் ஊர் திரும்பிய பிறகு ஒன்று நடந்தது.

ஒரு மத்தியான நேரம், பஸ்ஸை விட்டு இறங்கி, "ஆஸ்பத்திரியில மொழி பேசுனவுக வீடு எது?" என்று தெருவில் விசாரித்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். திரையில் ஒரு நிமிடம் பார்த்த முகம், இப்போது நரைத்திருந்தது. அந்த ஆட்டுக்கம்பு மட்டும் கையில் இல்லை. என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"எங் கொழுந்தன் போன மாசம் ஒரு சண்டையில வாய விட்டுட்டான் அண்ணே. அன்னைக்கு வீரசோழன்காரர் ஒருத்தரு ஒன்னக் கூப்பிடச் சொல்லி விடாம அடிச்சாரு, நாந்தேன் ஆப் பண்ணி வச்சேன்னு. அது நீங்கதானா?"

"நான்தான்."

"டாக்டரம்மா அன்னைக்கு என்ன சொன்னாக? நெசமா என்ன சொன்னாக? அத எனக்குச் சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் நின்ற என் மனைவி கையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள்! எனக்குச் சுரீரென்று வந்தது. "எங்க வீட்டுக்காரி பின்னாடி நின்னு, சொல்ல வேணாம்னு கையக் காட்டுறா" என்றேன் அந்த அம்மாவிடம்.

அவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க சொல்லுங்க" என்றார்.

நம் தொழிலில், டாக்டர் சொன்னார் என்று சொல்லக் கூடாது, டாக்டர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து அப்படியே சொன்னேன். உங்கள் கணவருக்குச் சிறுநீரகத்தோடு இருதயமும் கைவிட்டுவிட்டது. நாளை விடிவதற்குள் போய்விடுவார் என்று நினைக்கிறேன். இப்போது நல்ல நினைவோடு இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மூச்சுக்குழாய் வைக்கப்போகிறேன், அப்புறம் பேச முடியாது. நீங்கள் அவரோடு பேச இருப்பது இந்த நேரம்தான். நானே போனைக் கட்டில் பக்கம் கொண்டு போகிறேன்.

பிறகு, அவர் கிழக்கே சன்னலைப் பார்த்துப் படுத்திருந்ததையும், போன் வந்ததா என்று கேட்டதையும், ஆட்டைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அப்போதுதான் அந்த அம்மாவின் முகம் உடைந்தது. "ஆடுதேன் மொதன்னா சொன்னாக?" என்று கேட்டுவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டார். என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வெகு நேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்தார். கூந்தலை அள்ளி முடிந்தார். யாரோ எதிரில் இருப்பதுபோல் நேரே பார்த்தார்.

"டாக்டரம்மா, ஆடு கெடக்கட்டும். அவுகள எழுப்புங்க. நான் பேசுறேன்."

அந்த அறையில் அரபி புரிந்தவர் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் மொழிபெயர்த்தேன், ஆட்டையும் விடாமல்.